யமுனா யாரோட ஆளு?

மீட்புத் தொண்டர் பயிற்சி முடித்து, புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்ற உங்களைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் உங்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இதையெல்லாம் பாத்துட்டு வந்து எங்களுக்கு மனசுல ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போய்விட்டீர்கள். பிசிபேளா பாத் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றைக்கு அது வந்து சேர்ந்ததில் சந்தோஷப்பட்டேன்.

ஏனென்றால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன். பதிலா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தது ஒரு அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். சம்பளமில்லாமல் வேலை பார்த்தது இந்தக் குழுவில். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஆனேக்கல் வரை எங்கே சுவர் இடிந்தாலும், ஏரியில் யாராவது விழுந்தாலும், மழையில் அபார்ட்மெண்ட் முழுகினாலும் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போய் இறங்குகிறவர்கள் நாம். இரண்டு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. ஒன்றிலிருந்து பென்ஷன் வருகிறது, இன்னொன்றிலிருந்து முழங்கால் வலி.

எங்கள் குழுத் தலைவரை எல்லோரும் "சார்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் சாராகவே இருக்கட்டும். பட்டாளத்தில் இருந்தவர். மீட்பு வேலைக்குப் போய் வந்த மறுநாள் எங்களையெல்லாம் சமுதாயக் கூடத்தில் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் பேசச் சொல்வார். "உள்ள வெச்சுக்காதீங்க. கொட்டிட்டுப் போங்க" என்பார். மனசைப் பற்றி யாருமே பேசாத காலத்தில் அவர் ஒருவர்தான் பேசினார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சுவர், மழையில் ஊறிப்போய்ப் பக்கத்துப் பெண்கள் பிஜி விடுதியின் சமையலறை மேல் சரிந்தது. தங்கியிருந்த பெண்கள் எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். சமையல் செய்கிற கௌரம்மா மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே கான்கிரீட் பலகை. முகமும் ஒரு கையும் ஜன்னல் இடுக்கு வழியாகத் தெரிந்தன.

அந்த இடுக்கில் நுழையக்கூடிய உடம்பு எங்களில் யமுனாவுக்குத்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவள் ஊர்ந்து போய் கௌரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மஞ்சு ஜாக்கி வைத்துப் பலகையைத் தாங்கும் வேலையில் இருந்தான். மஞ்சுநாத் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து.

பலகையை அசைக்கும் நிலைமை வர மத்தியானம் சாயங்காலமாகிவிட்டது. அவ்வளவு நேரமும் யமுனா உள்ளேயே இருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டது வெளியே துண்டு துண்டாகக் கேட்டது.

"பாப்பா, ஸ்டவ் ஆஃப் பண்ணாங்களா? சாம்பார் வெச்சிருந்தேன்."

"பண்ணிட்டாங்கம்மா."

"நோடு பாப்பா, சரியா பாரு. கேஸ் லீக் ஆனா அந்தப் பொண்ணுங்கல்லாம்..."

"நானே பாத்தேன்மா. ஆஃப்ல இருக்கு."

அவள் பார்க்கவில்லை. அங்கிருந்து அடுப்பே தெரியாது.

ஜாக்கி நிலைத்ததும், அங்கே பொறுப்பிலிருந்த அதிகாரி குனிந்து, "எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார். யமுனா உள்ளேயிருந்து சொன்னாள்: "தெளிவா பேசறாங்க சார். ரத்தம் எதுவும் தெரியல. தூக்கலாம்."

தூக்கினார்கள். கௌரம்மா வெளியே வந்தார். கூட்டம் கை தட்டியது, நானும் தட்டினேன். யமுனாவின் முகமெல்லாம் சிமெண்ட் தூள், அதற்கு நடுவில் பல் தெரியச் சிரித்தாள். ஆம்புலன்ஸ் மேம்பாலத்தில் ஏறுவதற்குள் கௌரம்மாவின் நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

மறுநாள் வட்டம் கூடியது. முதலில் மஞ்சுதான் உடைந்தான். "ஜாக்கியை ஒரு பக்கம் ஜாஸ்தி ஏத்திட்டேன் சார். அப்ப அந்தம்மா ஒரு சத்தம் குடுத்தாங்க. நான்தான் நசுக்கிட்டேன்" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனுக்குப் பக்கத்தில் சுரேஷ் என்ற தொண்டர் இருந்தார். நர்சிங் படித்தவர், நல்ல மனிதர். மஞ்சுவின் தோளில் கை போட்டு, "உன் ஜாக்கியால ஒண்ணும் ஆகலடா. பல மணி நேரம் கால் நசுங்கி இருந்தா அதுல நஞ்சு சேர்ந்துடும். தூக்கின உடனே அதெல்லாம் ரத்தத்துல கலந்து இதயத்தை நிறுத்திடும். தூக்கறதுக்கு முன்னாடியே டிரிப் ஏத்தணும். டாக்டர் வர்ற வரைக்கும் தூக்காம இருந்திருந்தா ஒருவேளை பொழைச்சிருப்பாங்க. நீ என்ன பண்ணுவ?" என்றார்.

மஞ்சு நிமிர்ந்தான். அவன் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். சுரேஷைக் கட்டிக்கொண்டான்.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த யமுனா, "தூக்கறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டாள்.

"ஆமா, முன்னாடி."

"ஓ" என்றாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பக்கத்திலிருந்தவருக்கு நகர்த்தினாள். அவள் முறை வந்தபோது, "நான் ஓகே சார்" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் முடிந்ததும் சார் என்னிடம், "இன்னைக்கு நல்லா போச்சு, இல்ல? மஞ்சு லேசாயிட்டான்" என்றார். நல்லாத்தான் போயிற்று. மஞ்சு விஷயத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அதற்கப்புறம் யமுனா ஒரு அழைப்பையும் விடவில்லை. மற்றவர்கள் வரும் முன்பே வந்து நிற்பாள். பதறமாட்டாள். புதிதாக வந்தவர்களுக்கு அவளைத்தான் காட்டுவோம், இப்படி இருக்கணும் என்று. பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்காரரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "நீங்க ஒரு தடவை அவகிட்ட பேசணும்க்கா. கேஸ் ஆஃப் பண்ணியான்னு பாக்கப் பஸ் ஸ்டாப்லேர்ந்து திரும்பி வர்றா. ஒரு தடவை இல்ல, பத்து தடவை. சிலிண்டரையே கழட்டி வெச்சேன். கழட்டின சிலிண்டரை வந்து பாத்துட்டுப் போறா."

ஆபீஸிலும் அதே கதை. மீட்டிங் நடுவில் எழுந்து பேன்ட்ரிக்குப் போய் மின் அடுப்பின் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாளாம். வேலை பிந்தியது. மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை என்றால் வேலை போகும் என்ற நிலை.

அவள் கம்பெனி வாசலிலிருந்த டீக்கடையில் சந்தித்தோம். "எனக்கே தெரியுதுக்கா, ஆஃப்லதான் இருக்குன்னு. கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தூக்கலாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

நான் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். உன் தப்பு இல்லை, உனக்கு எப்படித் தெரியும், முடிவெடுத்தது அதிகாரி. அவள் தலையாட்டினாள். டீக்கடைக்காரரின் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

லீவு வாங்கி டாக்டரிடம் போகலாம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் நான் குழம்ப ஆரம்பித்தேன். இன்னும் தெளியவில்லை.

அவள் கம்பெனியின் ஹெச்ஆர் பெண் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். கெட்டவள் இல்லை. கேட்டுவிட்டுக் கண் கலங்கக்கூடச் செய்தாள். "ஆனா ஆண்ட்டி, இது நம்ம வொர்க்ல நடந்தது இல்லையே. சனிக்கிழமை, அவங்க சொந்த ஆக்டிவிட்டி. நான் எந்தக் கணக்குல காட்டறது?" கவுன்சலிங் ஹெல்ப்லைன் ஒன்று இருக்கிறது என்று நம்பர் கொடுத்தாள். யமுனா அங்கேயே கூப்பிட்டாள். வேலைப் பளுவா, குடும்பப் பிரச்சினையா, பணக் கஷ்டமா என்று ஒரு குரல் கேட்டது. யமுனா என்னைப் பார்த்தாள். "இதுல நான் எதுல வர்றேன்க்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஹெச்ஆர் பெண் எங்கள் இருவரையும் பயத்தோடு பார்த்தாள்.

அடுத்து, நம் தொண்டர்களையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். நான் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவள், அந்தப் பாஷை எனக்குத் தெரியும் என்ற தைரியம். அங்கிருந்தவர் பெரியவர், பொறுமையாகக் கேட்டார். பாதி கன்னடம், பாதி தமிழில் சொன்னார்: "கை ஒடைஞ்சா, கால் ஒடைஞ்சா இன்ஷூரன்ஸ் இருக்கு அம்மா. மனசுக்கு இல்ல. ஃபயர்காரங்களுக்கு டிபார்ட்மெண்ட் இருக்கு, லீவு இருக்கு. இவங்க எம்ப்ளாயி அல்ல, ஸ்வயம்சேவகி. தானா வந்தவங்க."

"தானா வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா சார்?"

"ஆகும். நீங்க சொல்றது சரிதான். ஆனா நீங்களே சொல்லுங்க, அவங்க யாரோட ஆளு?"

நான் பதிலைத் தேடினேன். கம்பெனி ஆளா? சனிக்கிழமை இல்லை. சர்க்கார் ஆளா? சர்க்கார் ஜாக்கெட் போட்டிருந்தாள், சர்க்கார் அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், ஆனால் இல்லை. எங்கள் ஆளா? நாங்களே யார்? ஒரு சமுதாயக் கூடமும் கொஞ்சம் கயிறும். கேள்வியை மேலே அனுப்புவதாக அந்தப் பெரியவர் சொன்னார். உண்மையாகவே அனுப்பினார். போய்க்கொண்டே இருக்கிறது.

கடைசியில் யமுனா வைரல் ஃபீவர் என்று பொய் சொல்லித்தான் ஆபீஸில் லீவு எடுத்தாள். ஒரு மனநல மருத்துவரிடம் எல்லோரையும்போல வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். மாத்திரை கொடுத்தார்கள், வாரா வாரம் வரச் சொன்னார்கள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். ரொம்ப நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒரு தடவை வெளியே வந்தவள் வழக்கமில்லாமல், "பசிக்குதுக்கா" என்றாள். எதிரிலிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே இட்லி சாப்பிடும்போது சொன்னாள்.

"டாக்டர்கிட்ட இன்னைக்கு நேரா கேட்டேன். தூக்கலாம்னு நான் சொல்லாம இருந்திருந்தா அந்தம்மா பொழைச்சிருப்பாங்களான்னு."

"என்ன சொன்னாங்க?"

"தெரியாதுன்னாங்க. யாராலயும் சொல்ல முடியாது, சொன்னா அது பொய்யின்னாங்க." இட்லியைச் சாம்பாரில் தோய்த்தாள். "நீங்க எல்லாரும் உன் தப்பு இல்லன்னீங்க. என் ஆறுதலுக்காகச் சொல்றீங்கன்னு தோணும். இவங்க தெரியாதுன்னாங்க. அப்பாடான்னு இருந்தது. ஏன்னு எனக்கே புரியல."

எனக்கும் புரியவில்லை. ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கையை விரித்த ஒரு டாக்டரின் வார்த்தை அவளைச் சாப்பிட வைத்தது. இதை உங்களுக்கு ஒரு பாடமாக எப்படிச் சொல்வது? யாராவது உடைந்து நின்றால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றா? மஞ்சுவுக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கும் அந்த ஜாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

மஞ்சுவுக்கு விஷயம் தெரிந்தபோது நேராக என் வீட்டுக்கு வந்தான். காரை வாசலில் குறுக்காக நிறுத்தினான், பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்டவில்லை. "அக்கா, அன்னைக்கு சுரேஷ் சொன்னது எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அதையேதான் அவளும் காதுல வாங்கினாளா? நான் அங்க சந்தோஷமா கட்டிப் புடிச்சுட்டு நிக்கிறேன், அவ எதிர்ல உக்காந்துட்டு..." காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

சாரிடம் நானே சொன்னேன். "நல்லதுக்குத்தானே பண்ணேன்" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப வட்டத்தை விட்டுடணுமா?" தெரியவில்லை என்றேன். பட்டாளத்துக்காரர், குழம்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டு கிழங்களும் சமமாகக் குழம்பினோம்.

யமுனா கொஞ்சம் தேறி, ஆபீஸ் வேலையும் தப்பித்த பிறகு, இனி என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் போட்டோம். சார் ஒரு யோசனை சொன்னார்: சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் கொஞ்ச காலம் கட்டாயமாக ஒதுங்கி இருக்கணும், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பணும். நியாயமாகத்தான் பட்டது. முதலில் எதிர்த்தவள் யமுனா.

"சார், என்னை உக்கார வெச்சிருந்தீங்கன்னா நான் இன்னும் மோசமாயிருப்பேன். இங்க வந்து நிக்கிற நேரம்தான் எனக்கு அடுப்பு ஞாபகம் வராம இருந்தது. கட்டாயம்னு போட்டா, அடுத்தவன் சொல்லவே மாட்டான். எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்து நிப்பான். என்னை மாதிரி."

மஞ்சு எழுந்தான். "அப்டி விட முடியாது யமுனா. நீ ஓகேன்னு சொன்ன, நாங்க நம்பினோம். ஏன் நம்பினோம்? எங்களுக்கு அது வசதியா இருந்தது. கட்டாயம் இருந்தா யாராவது ஒருத்தர் உன்னைப் பாத்திருப்பாங்க."

"கட்டாயமா வட்டத்துல உக்கார வெச்சதாலதான் எனக்கு இது வந்தது மஞ்சு."

"அந்த வட்டத்தாலதான் நான் உயிரோட இருக்கேன்."

இருவரும் சத்தம் போடவில்லை. இரண்டு பேரும் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது, இரண்டையும் ஒன்றாகச் சட்டமாக்க எனக்குத் தெரியவில்லை. அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்குச் சிலவற்றைத்தான் முடிவு செய்ய முடிந்தது. வட்டம் இருக்கும், வர விருப்பமில்லாதவர் வர வேண்டாம். யார் எதனால் இறந்தார் என்ற விளக்கத்தை அங்கே யாரும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் குழுவைச் சேராத ஒருவர், போய் வந்தவர்களின் வீட்டாருக்குப் போன் செய்து, அவர்கள் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா என்று கேட்பார். கடைசியாக ஒன்றை யமுனாவே கேட்டு வாங்கினாள்: களத்தில் நிற்கும்போது, "இன்னைக்கு என்னால ஆகாது" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. அப்போதும் கேட்கக் கூடாது, அப்புறமும் கேட்கக் கூடாது. சார் இதற்கு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆபத்து நேரத்தில் ஆளாளுக்கு முடியாது என்றால் உள்ளே இருப்பவன் கதி என்ன என்று கேட்டார். அதுவும் சரியான கேள்விதான். பதில் தெரியாமலே கை தூக்கினோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை நேரம் அந்தக் கேள்வி நேரில் வந்தது. ஏரி உடைத்துக்கொண்டு ஒரு அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கார்கள் மிதந்து வாசலை அடைத்துக்கொண்டன. உள்ளே காவல்காரர் ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார், குரல் கேட்டது. உள்ளே போக இருந்த ஒரே வழி காற்றோட்டத்துக்காக விட்ட ஒரு சின்ன ஜன்னல். எல்லோருடைய கண்ணும் யமுனா பக்கம் போனது. நானும் பார்த்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு என்னால ஆகாது சார்."

உள்ளே அந்த மனிதர் "யாராச்சும் இருக்கீங்களா" என்று கத்தினார். சாரின் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றதை நான் பார்த்தேன். அதை விழுங்கினார். "மஞ்சு" என்றார்.

மஞ்சுவுக்குத் தொப்பை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையை நுழைத்தான். தோள் மாட்டியது. இரண்டு பேர் காலைப் பிடித்துத் தள்ளினார்கள். யமுனா நுழைந்திருந்தால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவோ அதிகம் ஆனது. அந்த நேரமெல்லாம் நான் மனசுக்குள் அவள் மேல் கோபப்பட்டேன், உடனே என் மேலேயே கோபப்பட்டேன், தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். அவள் தெருமுனைக்கு ஓடி, கூட்டத்தை விலக்கி, ஆம்புலன்ஸை வாசல்வரை பின்னால் நகர்த்திக்கொண்டு வந்து, டாக்டரை இறக்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள்.

காவல்காரர் உயிரோடு வந்தார். உதடு நீலமாக இருந்தது, பேசினார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால்? ஆகவில்லை. எங்கள் விதி சரி என்று இதனால் நிரூபணமாகிவிடாது. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருக்கிறது.

மஞ்சு நெஞ்சும் முதுகும் சிராய்த்து, பிளாட்பாரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யமுனா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் துடைத்துவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மஞ்சு வேறொன்று கேட்டான்.

"யமுனா, நாளைக்கு என்னால ஆகாதுன்னு நான் சொன்னா, நீ போவியா?"

அவள் பஞ்சை மடித்து வேறு பக்கம் திருப்பினாள்.

"தெரியல மஞ்சு. ஆனா நீ சொல்லு."